நிழற்கணியின் தேதி

யார் எதை எழுதினார்கள் என்று ஈரோட்டில் தகராறு வந்தால், ஆட்கள் நேரே நிழற்கணி நிலையத்துக்குத்தான் போவார்கள். புதுக் கணினிகளை நம்ப முடியாது. பழைய கோப்பு எதைக் கொடுத்தாலும் தாமாகவே அழகுபடுத்தித்தான் காட்டும். திட்டி எழுதியிருந்தால் வாழ்த்தாகிவிடும். எழுதியது எழுதியபடியே வேண்டுமென்றால், எழுதிய அதே பழைய மென்பொருளில் திறக்க வேண்டும். அது புதுக் கணினியில் ஓடாது. அதற்குத்தான் நிழற்கணி. புதுக் கணினிக்குள் ஒரு பழைய கணினி வேடம் போட்டு உட்கார்ந்திருக்கும். தன் காலத்துக் கணினியில்தான் இருக்கிறோம் என்று நம்பி மென்பொருளும் ஓடும். நீதிமன்றமே அதை நம்பியது என்றால் பாருங்களேன்.

அர்த்தநாரி ஒரே ஒரு கோப்போடு வந்திருந்தார். அவர் மகள் தாரணி எழுதியது. அவள் இறந்து முப்பது வருடமாகிறது. காதலித்தவனைத்தான் கட்டுவேன் என்று ஒரு தைப்பூசத்தன்று அவள் சொன்னாள். "இனி நீ எனக்குப் பிள்ளையே இல்லை" என்று இவர் வெளியே அனுப்பினார். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். இத்தனை காலம் பேசாத மருமகன், பழையதைக் கிளறும்போது கிடைத்தது என்று இதை அனுப்பியிருந்தார்.

நிலையத்தை நடத்தும் நசீமா திறந்து காட்டினாள். கல்யாணப் பத்திரிகை. அச்சுக்கே போகாத, கல்யாண நாள்கூட இன்னும் நிரப்பாத பத்திரிகை. அழைப்பவர்கள் இடத்தில் அர்த்தநாரியின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் இருந்தன.

"இத அவ எப்ப அடிச்சான்னு மட்டும் சொல்லு அம்மிணி. சண்டைக்கு முன்னாடின்னா, அப்பன் ஒத்துக்குவான்னு நம்பியிருக்கா. பின்னாடின்னா, என்னை மன்னிச்சிருக்கா."

அவர் கண் பத்திரிகையின் அடியில் போய் நின்றது. "இன்னைக்குத் தேதி போட்டிருக்குதே?"

"அது தானா மாறுற தேதிங்கய்யா. திறக்கறப்ப கணினியில என்ன தேதியோ அதைப் போட்டுக்கும். கோப்போட சொந்தத் தேதி, கணினி மாத்தி மாத்தி வெச்சதுல போயிருச்சுங்க."

"அந்தக் கணினிக்குத் தேதி யாரு சொல்றது?"

"நாமதானுங்க."

"அப்ப அந்தத் தைப்பூசத்துக்கு மறுநாள்னு சொல்லு."

நசீமா சொன்னாள். பத்திரிகையும் மறுநாள் தேதியைப் போட்டுக்கொண்டது. மகள் மன்னித்துவிட்டாள். அர்த்தநாரி திரையைப் பார்த்துக் கைகூப்பி, விக்கி விக்கி அழுதார். கொஞ்ச நேரம்தான். கேட்டவுடன் கிடைத்த மன்னிப்பு நெஞ்சில் ஒட்டவே இல்லை.

"முந்தின நாள் வை."

அதற்கும் அது மறுப்புச் சொல்லவில்லை. அவர் திரையில் அந்தத் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இப்ப இதுக்குள்ள தைப்பூசத்துக்கு முந்தின நாளா?"

"ஆமாங்கய்யா. அது அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்குது."

"அப்படின்னா, நான் இன்னும் அவள ஒண்ணும் சொல்லல."

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்படியே இருக்கட்டும் அம்மிணி. மாத்தாத."

நசீமா தலையாட்டிவிட்டாள். ஆனால் திரையின் மூலையில் அந்தப் பழைய கணினியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மென்பொருள் உறைந்து, பத்திரிகையும் போய்விடும். ஓடவிட்டால் விடியும்போது அங்கே தைப்பூசம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.