துடைத்து வைத்த முகம்

மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது அசுந்தாவின் முகம் உலர்ந்திருந்தது. தலையணை ஈரம், கழுத்துச் சங்கிலி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, முதுகில் சட்டை பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஆகஸ்ட் மாத நேப்பிள்ஸில், மூன்றாம் மாடியில், மரச்சன்னல்களை இறுக்கிச் சாத்திய அறைக்குள் யாருக்கும் அப்படி முகம் உலராது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. விரல் நுனியில் மெழுகு வாசனையும், அதற்கு அடியில் பழைய சுவரைச் சுரண்டினால் வருகிற சுண்ணாம்புப் புழுதி வாசனையும் இருந்தன.

தூக்கத்தில் நானே துடைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கத் தோன்றவில்லை. அவள் கணவன் அனியெல்லோ மீன் சந்தையில் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். எதுவும் அவளுக்குள் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்குவதில்லை. சவ ஊர்வலத்தன்று சந்துப் பெண்கள் அவள் அழட்டும் என்று கைக்குட்டையோடு காத்திருந்தார்கள். அவள் சவப்பெட்டியின் பித்தளைத் திருகாணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டாள்.

வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு சானித்தா பேட்டைக்குள் நடப்பது அவள் வேலை. காய்கறிக் கடைகள், எண்ணெயில் பொரிக்கும் பீட்சா, மாடிக்கு மாடி தொங்கும் துணிகள், கடைசியில் குன்றைக் குடைந்த எலும்புக் குகை. பழைய கொள்ளைநோயில் செத்து, குழி வெட்ட ஆளில்லாமல் அங்கே கொட்டப்பட்டவர்கள் சுவரோரம் அடுக்கடுக்காக இருந்தார்கள். ஒருவருக்கும் பேர் கிடையாது.

"எங்க பேட்டைப் பொம்பளைங்க ஆளுக்கொரு மண்டையோட்டைத் தத்தெடுத்துக்குவாங்க," என்று ஜெபமாலை உருட்டுகிற குரலில் சொல்வாள். "தினம் வந்து துடைப்பாங்க. அடியில நல்ல துணியா விரிப்பாங்க. கனவுல வந்து அது தன் பேரைச் சொல்லணும்னு காத்திருப்பாங்க. பேர் சொல்லிட்டா அப்புறம் வேண்டியதைக் கேப்பாங்க. கப்பலுக்குப் போன புருஷன் திரும்பணும், பொண்ணுக்கு வரன் அமையணும், லாட்டரியில எந்த நம்பர் விழும்."

அன்று காலை வந்த கூட்டத்தில் ஒரு பெல்ஜியத்துக் கிழவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "தத்துப் போக உனக்குச் சம்மதமான்னு அந்த மண்டையோட்டுக்கிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அசுந்தாவும் சிரித்தாள், அந்தச் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது.

மறுநாள் மதியம் எழுந்தபோது தலைமுடி நடுவகிடு எடுத்து இருபுறமும் படிய வாரப்பட்டிருந்தது. அவள் வகிடு எடுப்பவள் அல்ல. தலைக்கடியில் ஒரு கைக்குட்டை, ஓரமெல்லாம் பின்னல் வேலை, மஞ்சள் பூத்த பழைய லினன் துணி. கதவின் உள்சங்கிலி போட்டபடியே இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள். தெருவோடு ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கும் பிலோமினா வாசலில் நாற்காலி போட்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி பளபளங்குது. எவனாவது மாட்டினானா?"

"இது உன்னுதாக்கா?"

பிலோமினாவின் விரல்கள் நின்றன. துணியைத் தொடவில்லை. கெட்டது அண்டாமலிருக்கக் குனிந்து நாற்காலியின் இரும்புக் காலைத் தொட்டாள்.

"எங்கருந்து எடுத்த?"

"என் தலைக்கடியில இருந்துச்சு."

"விளையாடாத. இது மண்டையோட்டுக்கு விரிக்கிற துணி. எங்கம்மா இதே மாதிரி பின்னி வெச்சிருந்தா. தன் மண்டையோட்டை 'எங்க ஆளு'ன்னுதான் சொல்லுவா, எங்கப்பாவுக்குக் கடுப்பா வரும். குகையிலருந்து தூக்கிட்டு வந்துட்டியா?"

"நான் ஏங்க்கா எடுக்கப்போறேன்?"

"புருஷன் செத்ததுக்கே அழாதவ நீ. என்ன செய்யறோம்னு உனக்கே தெரியாது. கொண்டு போய் வெச்சிடு, நல்லவளே. செத்தவங்க கொடுத்தா வாங்கிக்கலாம். நாமளா எடுக்கக் கூடாது."

குகையில் காவல் இருக்கும் சீரோ துணியை விளக்கடியில் விரித்துப் பார்த்துவிட்டு அவளை உள்வரிசைக்கு அழைத்துப் போனார். புழுதி படிந்த மண்டையோடுகளுக்கு நடுவே ஒரு தலை அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கல் பளபளவென்று துடைத்திருந்தது.

"எவனோ திருடிட்டான்னு நெனச்சேன்மா," என்றார். "பழைய போட்டோவ வெச்சுப் பார்த்தா எதுவும் குறையல. மத்ததுங்கதான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கு. பூமி அசைஞ்சிருக்கும்."

"இருக்கும் அண்ணே," என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் அவள் படுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே வருகிற பொழுதை அந்தப் பேட்டையில் எதிர்வேளை என்பார்கள். கடைகள் சாத்திவிடும், பெரியவர்கள் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள், தெருநாய்கூட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடும். அசுந்தா கட்டிலுக்கு எதிரே மர நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசித் தட்டு கழுவி வைக்கும் ஓசை எங்கோ கேட்டு ஓய்ந்தது, ஒரு ஸ்கூட்டர் சந்து முனையில் இருமி அடங்கியது, மாடிக்கு மேல் யாருடைய டிவியிலோ கைதட்டல் எழுந்து அதுவும் நின்றது. சன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக வந்த வெயில் தரையில் கோடு கோடாக விழுந்து கிடந்தது. பூண்டும் துளசியும் கலந்த வாசனை மெல்ல விலகி அந்த இடத்தில் மெழுகு வாசனை வந்தது.

படிக்கட்டில் துணி உரசும் சத்தம். செருப்பில்லாத கால்.

கதவு திறக்கவில்லை. ஆனால் தரையில் விழுந்த வெயில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து மறுபடி தெரிந்தன, யாரோ குறுக்கே நடந்து வருவதுபோல. அவள் கண்ணிமைகள் தாமாக மூடிக்கொண்டன. அப்புறம் நெற்றியில் துணி.

இதமாக இருந்தது. அனியெல்லோ செத்த பிறகு யாரும் அவளைத் தொடவில்லை. நெற்றி, கண் குழி, கன்ன எலும்பு, தாடை. நெடுநாள் பழகிய கை அது. அவசரமே இல்லை. துணிக்குப் பின்னால் இருந்த விரல்கள் மட்டும் சுள்ளி போல் உலர்ந்திருந்தன.

"தங்கமே," என்றது ஒரு பெண் குரல், காதோரம். பேட்டைக் கிழவிகளின் பேச்சு, இன்னும் பழையது. "எத்தனை நாளா உன்னைத் துடைக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஒரு பேர் தா."

துணி தாடையிலிருந்து மறுபடி நெற்றிக்கு ஏறியது.

"என் பேர் எனக்கு மறந்துபோச்சு கண்ணு. உன்கிட்டதான் நெறைய இருக்கே. மனசு வெச்சு ஒண்ணு குடு. மாட்டியா? கல்நெஞ்சுக்காரி. மஞ்ச மூஞ்சி. உன்னைத் துடைச்சு துடைச்சு என் கை தேஞ்சதுதான் மிச்சம்."

வேண்டுகிறவர்கள் புனிதர்களைத் திட்டுவதும் அந்த ஊர் வழக்கம்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. வாய் திறந்தது. நாக்கில் முதலில் எது இருந்ததோ அதைக் கொடுத்தாள்.

அன்று மாலை அலமாரி மேல் இருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். மீசை, மீன் செதில் ஒட்டிய மேலங்கி, இடது பல் சொத்தை. என் கணவன். அவர் பேர்? வாயைத் திறந்து காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. எழுத்துகள் தெரிந்தன, ஒன்றோடொன்று சேர மறுத்தன.

கீழே ஓடினாள். "அக்கா, என் புருஷன் பேர் என்ன?"

"என்னடி கேள்வி இது?" என்றாள் பிலோமினா. அசுந்தாவின் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்து பேரைச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது; காதில் விழுந்தது தூரத்தில் போகும் வண்டிச் சத்தம் போலத்தான் இருந்தது.

அப்போதுதான் அசுந்தாவுக்குள் ஏதோ அசைந்தது. மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த காலில் ஊசி குத்துவதுபோல. பயம்.

"நாளைக்கு மத்தியானம் இங்க வந்து படுத்துக்கட்டுமாக்கா?"

"வா. என் குறட்டைதான் பெருசா இருக்கும், பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். பிலோமினாவின் அகலமான கட்டிலில், மாதா படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கடியில், குறட்டையை எண்ணிக்கொண்டு கண்ணை விரித்து வைத்திருந்தாள். குறட்டை ஏறியது. இறங்கியது. நடுவே ஒரு மூச்சு, குறட்டையோடு சேராத மூச்சு, கட்டிலின் இந்தப் பக்கத்தில். மெழுகு வாசனை.

"அவளுக்குக் குடுத்த. எனக்கும் குடு."

ஆண் குரல். அதற்குப் பின்னால் இன்னொன்று, சிறியது. "எனக்கும்."

பிலோமினாவை உலுக்கக் கை எழவில்லை. நெற்றியில் துணி. அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு துணி. அம்மாவின் பேரைக் கொடுத்தாள். பேறுகாலத்தில் போன தங்கையின் பேரைக் கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க வாய்க்குள் பல் விழுந்த இடம்போல் வழுவழுப்பு. நாக்கு அதையே தடவிக்கொண்டிருந்தது.

"நல்லாத் தூங்கினியா?" என்றபடி எழுந்தாள் அந்தப் பெருத்த பெண்.

அவளைத் தெரியும். கருப்புக்காபி போட்டுத் தருகிறவள், அவரை உரிக்கிறவள். பேர்தான் இல்லை. எப்போது கொடுத்தேன்?

"தூங்கினேன்க்கா," என்றாள் அசுந்தா. அக்கா என்று கூப்பிட்டுச் சமாளிக்க முடிந்தது.

அதன் பிறகு அவள் எங்கும் ஓடவில்லை. ஒரே ஒரு முறை மட்டும் ரயில் நிலையத்துக்குப் போய்க் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து பார்த்தாள். கண் சிமிட்டிய நேரத்தில் நெற்றி உலர்ந்து போயிற்று, அவள் ஞானஸ்நானம் வாங்கிய கோவிலின் பேர் போயிற்று. காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனாள். "இது தெரு," என்றாள். "இது கோவில். இது இங்க சாப்பிடறது." வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். பேர் இல்லாமலே எல்லாம் நடந்தது. பயம் வந்த வழியே திரும்பிப் போனது. அது போனதில் வருத்தமும் இல்லை.

மதியம் வீட்டுக்கு வந்தாள். சன்னலைச் சாத்தினாள். தானாகவே படுத்தாள். வகிடு எடுக்க வசதியாகத் தலையை நேரே வைத்துக்கொண்டாள்.

படிக்கட்டு முழுக்கத் துணி உரசும் சத்தம். மேலிருந்து கீழ்வரை. சந்துவரை. யாரும் தள்ளவில்லை. யாரும் பேசவில்லை. வரிசை நகர்ந்தது.

ஒரு துணி. நெற்றி. கன்ன எலும்பு. தாடை.

"தங்கமே, ஒரு பேர்."

தேடினாள். காலி. இன்னும் தேடினாள். அடியில் ஒன்று கிடந்தது. ஒன்றே ஒன்று.

"அதுதான், அதுதான்," என்றது குரல். "நல்லவளே."

கொடுத்தாள்.

வலிக்கவில்லை. கட்டில் அவளுக்கடியில் கல்லாகக் குளிர்ந்தது. கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது, மூட முடியவில்லை.

எதிர்வேளை முடிந்துகொண்டிருந்தது. முதல் கடையின் இரும்புக் கதவு உருண்டு ஏறியது. சந்திலிருந்து பிலோமினாவின் குரல் மேலே வந்தது.

"அசுந்தா. ஏ அசுந்தா. தக்காளி வாங்கியிருக்கேன், கூடையை இறக்குடி."

படுத்திருந்தவளின் தொண்டை அசையவில்லை.

"இதோ வர்றேன்க்கா," என்றது அறைக்குள் ஒரு குரல்.

பால்கனிக் கதவு திறந்தது. வெயில் உள்ளே கொட்டியது. அவளுடைய பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, ஒருத்தி கம்பியில் சாய்ந்து கயிற்றை இறக்கினாள்.

"குரல் என்னடி கம்மிக் கெடக்கு? அழுதியா?" என்று கீழிருந்து பிலோமினா கேட்டாள். "அழு, அழு. நல்லதுதான். இத்தனை நாள் அடக்கி வெச்சியே."

"அழுதேன்க்கா."

கயிறு இறுகியது. கூடை மேலே ஏறத் தொடங்கியது. அதை இழுத்துக்கொண்டிருந்த கைகளில் மணிக்கட்டுவரை தோல் வந்திருந்தது, அதற்கு அப்பால் விரல்களுக்கு இன்னும் வரவில்லை.

கட்டிலருகே வரிசையில் அடுத்து நின்றது குனிந்து, துணியை உதறி மடித்து, துடைக்க ஆரம்பித்தது.