அயலறுவை

அழைப்பு வந்தபோது ஷர்மிளாவுக்கு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு சந்தேகம்தான் வந்தது. முப்பது வருடம் எடையளவு ஆய்வாளராகக் கடை கடையாகத் தராசு சோதித்தவள். முள் நேராக நின்றாலும் தட்டைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்.

இடுப்பு மூட்டு தேய்ந்து, செம்பாறை அரசு மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலில் அவள் பெயர் நான்கு வருடமாகக் கிடந்தது. இப்போது, நோயாளிகளுக்கு வெளிநாட்டில் அறுவை செய்துவைக்கும் அயலறுவைத் திட்டத்தில் அரசே தன் செலவில் அவளை வடகடல் தீவுக்கு அனுப்புகிறது.

"உள்ளூர்ல பண்ண முடியாதவங்க அவ்வளவு தூரம் ஏங்க கூட்டிட்டுப் போறாங்க?" என்று கணவர் அருள்ராஜிடம் கேட்டாள்.

"போயிட்டு நடந்து வா. அதுக்கு மேல தோண்டாத."

"நான் மயக்க ஊசி போட்டுக்க மாட்டேன். என்ன பண்றாங்கன்னு பாக்கணும்."

தீவில் எல்லோருக்கும் முழு மயக்கம்தான் வழக்கம். அவள் பிடிவாதமாக, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் மட்டும் ஊசி போடச் சொன்னாள். அறுவை அறையில் ஒரு செவிலியைத் தவிரக் கூரையிலிருந்து தொங்கிய தொலைகரம் மட்டுமே இருந்தது. எங்கோ உட்கார்ந்திருக்கும் மருத்துவர் விரலை அசைத்தால் அதன் ஆறு உலோகக் கைகளும் இங்கே அசையும். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். செவிலி சிரித்துவிட்டு அவள் மார்புக்குக் குறுக்கே திரையை இழுத்துவிட்டாள்.

திரைக்கு அப்பால் ரம்பம் எலும்பில் இறங்கியது. வலியில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல், தமிழில்.

"டீயை அந்தப் பக்கம் வைப்பா. கை பட்டுடும்."

"யாரு பேசுறது?" என்றாள் ஷர்மிளா.

ரம்பம் நின்றது. "அம்மா, நீங்க முழிச்சா இருக்கீங்க?"

"ஆமா டாக்டர். நீங்க எந்த ஊரு?"

"செம்பாறை. கவர்மெண்டு ஆஸ்பத்திரி, மூணாவது மாடி."

நான்கு வருடம் அவள் வந்து வந்து காத்திருந்தது அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்.

"எனக்கு அங்கேயே பண்ணியிருக்கலாமே."

"எங்க பண்றதும்மா? தியேட்டரை எல்லாம் நாங்க உக்காந்து தொலைகரம் ஓட்டுற கூண்டா மாத்திட்டாங்க. வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் அறுக்கிறோம். இங்க ஆபரேஷன் மேசை இல்ல, அங்க டாக்டர் இல்ல."

"அதனாலதான் பட்டியல் நீளுதா?"

"நீள நீள ஆளை அங்க அனுப்புறாங்க. அனுப்ப அனுப்ப இங்க கூண்டு கூடுது."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் தன் எலும்பு அவர் கையில் திறந்து கிடந்தது. "முடிச்சிடுங்க டாக்டர்," என்று மட்டும் சொன்னாள்.

"நீங்க நல்லா நடப்பீங்கம்மா." குரல் தணிந்தது. "உக்காந்தே என் முதுகுத்தண்டு போச்சு. நானும் பட்டியல்லதான் இருந்தேன். அடுத்த மாசம் அங்க வர்றேன்."

"உங்களுக்கு யாரு பண்ணுவா?"

"பக்கத்துக் கூண்டு டாக்டர்தான். அவருக்குக் கை நடுக்கம் வந்திருக்கு. அதுக்கு அவரும் பேர் கொடுத்திருக்காரு. அவர் முறை வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்."

ரம்பம் மறுபடி சுழன்றது. திரைக்கு மேலே தெரிந்த உலோகக் கைகளும் நடுங்குகின்றனவா என்று, கடைசித் தையல் விழும்வரை ஷர்மிளா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.