இருந்தும் இல்லாத வன்தட்டு

விஜயதசமி, 2005. காலை 8.10. பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கம்பியூட்டர் நிலையத்தில் வன்தட்டு களவு போய்விட்டது. அப்படித்தான் பெரிய கிளாக்கர் இரத்தினசபாபதி அடித்துச் சொன்னார்.

இருந்ததே ஒரு கம்பியூட்டர். சுவிட்சைப் போட்டதும் அதை இயக்கும் லினக்ஸ் எழுந்தது, வரிவரியாக ஓடியது, வன்தட்டு எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பெட்டிக்குள் தட்டு என்னவோ இருந்தது. நல்லதை எடுத்துவிட்டுச் செத்ததை வைத்திருக்கிறார்கள், இரத்தினபுரிப் பக்கம் இரத்தினக்கல்லை மாற்றுகிற மாதிரி, என்றார் கிளாக்கர். நேற்று சரஸ்வதி பூசைக்கு முன் நன்றாக ஓடியதாம். பூசையைத் தன் கையாலேயே முடித்து, கதவைப் பூட்டி, சாவியை வாசலில் காவல் நிற்கும் வாச்சர் மூக்கையாவிடம் கொடுத்தாராம். வேறு யார் எடுத்திருக்க முடியும்? பத்து மணிக்குத் தோட்டத்து மேலாளர் துரை வந்ததும் மூக்கையாவின் வேலை போய்விடும்.

அங்கே பாடம் நடத்தும் விஜயகலா இதை நம்பவில்லை. மூக்கையா ஒரு குண்டூசியைக்கூடத் தொடாத மனிதர்.

8.40. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே பொட்டுத் தூசி இல்லை. தட்டின்மேல் சந்தனம். கேபிள் வெள்ளைச் சொருகியில் இருந்தது, பக்கத்து நீலச் சொருகி காலி. லினக்ஸ் எந்தெந்தச் சிப்போடு வேலை செய்யும் என்ற பட்டியல் சீடியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. இரண்டு சொருகிக்கும் பக்கத்திலிருந்த சிப்பின் பெயரை அதில் விரல் வைத்துத் தேடினாள். சிரிப்பு வந்துவிட்டது.

9.15. கிளாக்கரையும் மூக்கையாவையும் கூப்பிட்டாள்.

“ஐயா, இது செத்த தட்டுன்னா லினக்ஸ் எங்க இருந்துங்க எழும்புச்சு? அந்த வரியெல்லாம் இதுக்குள்ள இருந்துதான் வருது.”

கிளாக்கர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். விஜயகலா விளக்கினாள்: இரண்டு சொருகிக்கும் வேறு வேறு சிப். எழுப்பிவிடுவது கம்பியூட்டரின் வேலை, அதற்கு இரண்டையும் தெரியும். எழுந்தபின் லினக்ஸ்தான் தட்டைத் தேட வேண்டும். நீலச் சொருகியின் சிப் பட்டியலில் இருக்கிறது, வெள்ளையின் சிப் இல்லை. தட்டு கண்ணெதிரே இருந்தும் லினக்ஸுக்குத் தெரியவில்லை.

“பூசைக்கு உள்ளயும் தொடச்சது யாருங்க?”

“நான்தான்,” என்றார் கிளாக்கர் மெல்ல. “கேபிளைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திருப்பிக் கொழுவினனான்.”

அவள் கேபிளை நீலத்தில் மாற்றிச் சொருகினாள். 9.30க்கு லினக்ஸ் முழுசாக எழுந்தது. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

கிளாக்கர் மூக்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “கள்ளன் நான்தான், மூக்கையா. மன்னிச்சுக்கொள்ளும்.”

மூக்கையா யோசித்தார். “சரிங்கய்யா. தொர வர்ற வரைக்கும் நீங்க வெளிய நில்லுங்க. நான் உள்ள இருந்து பாத்துக்கிறேன்.”

கிளாக்கர் போய் வாசலில், மூக்கையா வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார்.