பச்சைக் கட்டம்

காலி ஸ்டூலின் மேல் கேமரா ஒரு முகத்தைக் கண்டுபிடித்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அடையாள அட்டைப் படத்துக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். ஜன்னலில்லாத அந்தக் கீழ்த்தள அறையில் அவன் மட்டும் இருந்தான். போன வருடம் வரை பழைய ஃபைல்கள் போட்டுவைத்த அறை அது. இன்னும் அந்த மக்கிய காகித வாடை போகவில்லை. அதோடு காலையிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்களின் பவுடரும் வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து, ஏசியின் சொட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு கூட்டமே இன்னும் உள்ளே நிற்பதுபோல் இருந்தது. வெளிச்சக் குடையைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிவிட்டு கேமராவுக்குத் திரும்பினான். பின்பக்கத் திரையில், ஸ்டூலுக்கு மேலே, ஆள் உட்கார்ந்தால் தலை இருக்க வேண்டிய உயரத்தில், பச்சைக் கட்டம் விழுந்திருந்தது.

கட்டம் விழுந்தால் முகம் இருக்கிறது என்று அர்த்தம். பச்சையாக மாறினால் கண் தெளிவாக விழுந்திருக்கிறது, பட்டனை அமுக்கலாம் என்று அர்த்தம்.

வேறு எந்தப் போட்டோக்காரனாக இருந்தாலும் கேமராவின் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருப்பான். அவனால் அது முடியாது. இரண்டு வருடமாக அந்தக் கட்டம்தான் அவனுக்குக் கண்.

நேராக எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் ஓர் ஓட்டை. ஓரத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும். பார்க்க வேண்டியது மட்டும் தெரியாது. இதில் பெரிய மோசடி என்னவென்றால், ஓட்டை ஓட்டையாகத் தெரிவதில்லை. சுற்றி என்ன இருக்கிறதோ அதை எடுத்து மூளையே அடைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். சுவருக்கு முன்னால் ஆள் நின்றால் அவனுக்குச் சுவர் தெரியும். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் வெள்ளைத் திரை. கேமராவின் சின்னத் திரையை ஓரக்கண்ணில் பிடித்து, கட்டத்தின் நிறத்தை மட்டும் பார்த்துத்தான் படம் எடுத்துவந்தான். இந்த விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். நிறுவனத்துக்குத் தெரிந்தால் வேலை போகும், நிறுவனம் கொடுத்த வீடும் போகும். நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு போனால் வேறு எவன் கேமராவைக் கையில் கொடுப்பான்?

போன மாதம் ஏற்கெனவே ஒருமுறை மாட்டிக்கொள்ள இருந்தான். துணை மேலாளர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்க, இவன் வாசலைப் பார்த்து, "அடுத்தவர் வரலாமே!" என்று கூப்பிட்டான். "நான் வந்து ரெண்டு நிமிஷம் ஆச்சுப்பா" என்று வெள்ளைத் திரை பதில் சொன்னது. சிரித்து மழுப்பினான். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு மூன்றாவது மாடி வரை போய், பணியாளர் அதிகாரியின் காதில் விழுந்துவிட்டது. அலுவலகமே அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தது. எறும்பு ஊர்ந்தாலும் அதற்கு விடுப்புக் கடிதம் கேட்கிற மனிதர். அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. எல்லோருக்கும் கண் பரிசோதனை. அவன் முறை நாளைக் காலை.

அதனால்தான் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு முதலில் பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஆளை அனுப்பியிருக்கிறார்கள். சத்தம் போடாமல் போய் உட்கார், அவன் என்ன செய்கிறான் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால் ஸ்டூலைப் பார்த்தான். காலி. மறுபக்கம் திருப்பிப் பார்த்தான். காலி. ஆனால் ஓரக்கண்ணையும் எத்தனை நாளைக்கு நம்புவது? கேமரா இதுவரை ஒருதடவைகூட அவனைக் கைவிட்டதில்லை.

நினைத்துப் பார்த்தால் கட்டம் இன்றைக்குப் புதிதாக வந்ததும் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பட்டியலில் கடைசி ஆள் போனபிறகு, நாள் பூராவும் சொன்ன வாய்ப்பழக்கத்தில், யாருமே இல்லாத வாசலைப் பார்த்து "அடுத்தவர் வரலாம்" என்று சொல்லியிருந்தான். அப்போது கேமராவை வாசல் பக்கம் திருப்பியிருந்ததால், திரையின் மூலையில் கடுகளவு ஒரு கட்டம் மின்னிவிட்டு அணைந்தது. நேற்று திரைத்துணியின் ஓரத்தில், கொஞ்சம் பெரிதாக. இன்றைக்கு ஸ்டூலில்.

"வணக்கம்" என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கீங்க. பரவாயில்ல, எடுத்துடலாம்."

ஏசி மட்டும் சொட்டியது. பேசாமல் உட்காரச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க."

கட்டம் இரண்டு விரற்கடை மேலே ஏறியது.

அவனுக்கு உயிர் வந்தது. ஆள் இருக்கிறார்! நல்லவேளை, பேசினோம். முதுகில் வேர்வை இறங்க, குரலில் பழைய தோரணையை வரவழைத்துக்கொண்டான். இந்தக் குரல் அவனுக்கு இருபது வருடப் பழக்கம்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க. முகவாயை இறக்குங்க. ஆங், அப்படியே. இங்க பாருங்க, கண்ணை மூடாதீங்க."

கட்டம் பெரிதாகி, கீழே இறங்கி, பச்சையாக நின்றது. பட்டனை அமுக்கினான். வெளிச்சம் பளிச்சென்று அறையை நிரப்பி அணைந்தது.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. அடையாள அட்டைப் படம் யாருக்கும் பிடிக்காது. நானா இப்படி இருக்கிறேன் என்று ஆறு மாதம் கழித்து வந்து சண்டை போடுவார்கள். அதனால் எடுத்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தன் தோளுக்குப் பின்னால் நிற்கவைத்து, கேமராத் திரையில் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கிவிடுவான். வழக்கம் மாறினால் அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும்.

"எடுத்தாச்சு" என்றான். "எழுந்து வந்து பாத்துக்கோங்க."

அந்த ஸ்டூலில் ரெக்சின் மெத்தை. யாராவது உட்கார்ந்தால் புஸ்ஸென்று அமுங்கும். எழுந்துபோனால் ஓட்டை வழியாக மெல்லக் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி உப்பும். அதற்கு அரை நிமிடம் ஆகும். காலையிலிருந்து முப்பது தடவைக்கு மேல் கேட்ட சத்தம்.

இப்போது மெத்தை காற்றை இழுத்தது.

அமுங்கிய சத்தம் வரவேயில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்த சத்தம் மட்டும். நீளமாக. பிறகு வலது தோளுக்குப் பின்னால் அந்த மக்கிய காகித வாடை வந்து நின்றது. அவன் அசையவில்லை. காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தான், அது வரவில்லை. கதவு திறக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தான், அதுவும் வரவில்லை.

"சரியா இருக்குல்ல?" என்று கேட்டான். தன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

கேமராத் திரையில் ஸ்டூலின் மேல் கட்டம் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, அட்டைகளைச் சரிபார்க்கிற மேடம் பட்டியலோடு வந்தாள். கறாரான பெண்மணி. கணக்கு இடித்தால் தூங்கமாட்டாள்.

"சார், இன்னிக்கு லிஸ்ட்ல அறுபத்தி நாலு பேர். அறுபத்தஞ்சு கார்டு வந்திருக்கு."

"மத்தியானம் ஒருத்தரை அனுப்பினீங்களே மேடம், அவரா இருக்கும்."

"நானா? சாப்பாட்டு நேரத்துல எவன் சார் வருவான்? கீழ்த்தளக் கதவையே நான் பூட்டிட்டுத்தானே போனேன். நீங்க உள்ளதானே சாப்பிடறேன்னீங்க."

அட்டையை நீட்டினாள். ஓரக்கண்ணுக்குக் கொண்டுவந்து பார்த்தான். வெறும் வெள்ளை. பெயர் இல்லை, எண் இல்லை, கீழே நிறுவனத்தின் முத்திரை மட்டும்.

"லைட் சரியா இருக்கான்னு எடுத்த படம் மேடம். தப்பா போயிருக்கும்."

"முகம் இல்லாத படத்தை மெஷின் திருப்பி அனுப்பிடும் சார். இதை மட்டும் எப்படி வெட்டி, சரியா நடுவுல வெச்சு அடிச்சிருக்கு?" அவள் அவனைப் பார்த்தாள். அல்லது அவனுக்குச் சற்று வலப்பக்கம் பார்த்தாள். நேரே பார்த்தால் காணாமல் போகிற முகம் எங்கே பார்க்கிறது என்று அவனால் எப்படிச் சொல்ல முடியும்? "எதுக்கும் நாளைக்கு டெஸ்ட்டுக்கு நேரத்தோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் போனாள்.

பூதக்கண்ணாடியின் வேலைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்தம்மாவும் கூட்டு. மறுநாள் டெஸ்ட் முடிந்து நேராக வெளியே ஒரு விழாவைப் படமெடுக்கப் போக வேண்டியிருந்ததால் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல கூட்டம். கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். அவன் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே வந்தது. ஒரு கிழவர் அதில் உட்காரப் போனவர், "ஓ, மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார்.

அவன் மீதி வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தான். பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் கண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் விளக்குகள் எரிந்தன. சமையலறையில் மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஏங்க, என்ன இவ்வளவு நேரம்? நாளைக்குக் கண்ணு டெஸ்ட்டுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்று குரல் கொடுத்தாள். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு சோபாவில் சாய்ந்தான். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டான். தன் வீடு, தன் சுவர், தண்ணீர் விழுகிற சத்தம். ஒன்பது வயது மகள் அதற்குள் பையைத் திறந்து கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"எப்பவும் நீங்கதான் எடுக்கறீங்க. இன்னிக்கு நான் உங்களை எடுக்கறேன். அசையாதீங்க சார்!"

அவனைப்போலவே குரலைத் தடிமனாக்கிக்கொண்டு பேசுவது அவளுக்கு விளையாட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா, ரெண்டு கட்டம் வருது."

சிரிப்பு நின்றது.

"ஒண்ணு உங்க மேல. ஒண்ணு பக்கத்துல, சோபால." அவள் கேமராவை ஆட்டிப் பார்த்தாள். "கேமராவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுப்பா."

"கீழ வை கண்ணு."

"ஒண்ணே ஒண்ணுப்பா. பக்கத்துல இருக்கறவரு கொஞ்சம் நெருங்கி உக்காருங்க." திரையை உற்றுப் பார்த்தாள். பிறகு குதித்தாள். "ஐ! சொன்னா கேக்குதுப்பா!"

அவன் வலது கையில் ஏதோ ஒரு குளிர் வந்து ஒட்டியது. மக்கிய காகித வாடை. எழ முயன்றான். வாயைத் திறந்தான். அதற்குள் மகள் கேமராவை உயர்த்திவிட்டாள்.

"இங்க பாருங்க. கண்ணை மூடாதீங்க."

பளிச்.

அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் ஆன வரி.

"கண்ணு, வேண்டாம், அதைச் சொல்லாத…"

"எடுத்தாச்சு" என்றாள் மகள், அவன் குரலில். "எழுந்து வந்து பாத்துக்கோங்க."

சமையலறையில் தண்ணீர் நின்றது. அவன் பக்கத்து மெத்தை காற்றை இழுத்தது. மெதுவாக. நீளமாக. வலது கையின் குளிர் விட்டுப்போனது.

மகளைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

கழுத்தைத் திருப்பினான். ஓரக்கண்ணில் அவள் தெரிந்தாள். தலையைக் குனிந்து கேமராத் திரையில் படத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் வலது காதோரத்து முடி, யாரோ முகத்தைக் கிட்டே கொண்டுவந்ததுபோல், மெல்ல விலகியது. அவள் நிமிரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் சரியாகத் தெரியட்டும் என்று, கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள்.