வெளிச்சம் கசியாத துணி

அன்று காலை பதினோரு மணிக்கு ஸ்டூடியோவில் இருந்தவர்கள் ஆறு பேர். நடு நாற்காலியில் பல் டாக்டர். அவருக்கு வலப்புறம் அவர் மனைவி. இடப்புறம், நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றியபடி டாக்டரின் அண்ணன். கீழே விரிப்பில், முழங்காலைக் கட்டிக்கொண்டு டாக்டரின் இரட்டைப் பெண்கள். ஆறாவது ஆள் அவர்களுக்கு எதிரே பன்னிரண்டடி தள்ளி, பெரிய மரக் கேமராவுக்குப் பின்னால், கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருந்த போட்டோகிராபர். வேறு யாரும் இல்லை. பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தார். ஆறுதான்.

"சார், நான் வாயை மூடியே வெச்சுக்கட்டுமா?" என்றார் அண்ணன். "தம்பி பல் டாக்டர். என் பல்லைப் பாத்தா அப்புறம் அவன்கிட்ட ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அண்ணே, நீங்க சும்மா இருந்தாலே தொழில் நல்லா நடக்கும்," என்றார் டாக்டர். இரட்டையர் குலுங்கினார்கள்.

"யாரும் அசையாதீங்க," என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவருக்கு ஒத்தைப்படக்காரர் என்று பெயர். எவ்வளவு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தாலும் ஒரே ஒரு படம்தான் எடுப்பார், அது தப்பியதில்லை. நீதிபதிகள், மந்திரிகள், மேடையேறும் முன்பே வியர்த்துப்போகும் நடிகர்கள் என்று நாற்பத்தோரு வருடத்து முகங்கள் அவர் கை வழியாகப் போயிருக்கின்றன. அவரைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்றும் வந்துவிட்டது. அட்டையில் ஒரு கிழப் பாடகியின் முகம். பரிசு வாங்கிய படம். அந்தக் கண்ணில் மரணம் தெரிகிறது என்று எழுதாத பத்திரிகை இல்லை.

துணிக்குள் எப்போதும்போலப் பழைய பருத்தியின் மக்கலும், விரலை விட்டுப் போகாத மருந்து நெடியும், தன் மூச்சின் காப்பி வாடையும் கலந்து கிடந்தன. கேமராவின் பின்புற மங்கல் கண்ணாடியில் ஐந்து பேரும் தலைகீழாகத் தொங்கினார்கள். லென்ஸ் வழியாக வருவது எதுவும் தலைகீழாகத்தான் வரும். மனிதர்களை அப்படிப் பார்த்துப் பழகியவருக்கு, தெருவில் நேராக நடந்து வருபவர்களைத்தான் சட்டென்று அடையாளம் தெரியாது.

ஏதோ ஒன்று சரியில்லை. என்னவென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று.

வெளிச்சம் கசியவில்லை.

தன் மனைவி உயிரோடு இருந்தவரை அவள்தான் பின்னால் நின்று துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே இருட்டு முழுசாக இருந்தால்தான் கண்ணாடியில் உருவம் துலங்கும். அவள் போன இந்த ஒன்றரை வருடமாக, துணி காயப்போடும் மூன்று கிளிப்புகளை மாட்டிச் சமாளிக்கிறார். எப்படி மாட்டினாலும் இடது காதோரம் நூல்போல ஒரு வெளிச்சம் உள்ளே வந்துவிடும். இன்று வரவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கிளிப்புகள் மூன்றும் பையில்தான் இருந்தன.

அப்போதுதான் கண்ணாடியின் மூலையில் ஒரு முகத்தைக் கண்டார். மங்கலாக, ஐந்து தலைகீழ் முகங்களோடு, அது ஒன்று மட்டும் நேராக.

வெடுக்கென்று தலையை வெளியே இழுத்தார். பின்னால் சுவர். ஓர் ஆணி. மாட்டிய குடை.

"என்ன சார், பயந்துட்டீங்க? நான் வாயைத் திறக்கவே இல்லையே," என்றார் அண்ணன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபிலிம் தட்டைச் சொருகினார். ஷட்டரைத் திறக்கும் ரப்பர் பல்பை அழுத்தினார். ஒரே படம்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு இருட்டறையில் நெகடிவைக் கழுவினார். ஐந்து பேர்தான் இருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது. நெகடிவை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான்கு பேர் லென்ஸைப் பார்த்தார்கள். இரட்டையரில் ஒருத்தி மட்டும் அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிந்த கண்.

அந்தப் பார்வையை அவருக்குத் தெரியும். உலகத்துக்கே தெரியும். புத்தக அட்டையில் இருக்கிறது.

மேஜைமேல் மகளின் கடிதம் கிடந்தது. அவருக்குக் கடிதம் எழுத இந்த உலகத்தில் மிச்சமிருப்பவள் அவள் ஒருத்திதான். தூர தேசத்திலிருந்து நான்கே வரி எழுதியிருந்தாள். 'அப்பா, ஊர் உலகத்தையெல்லாம் எடுத்தீங்க. அம்மா படம் ஒண்ணுகூடவா இல்ல? என் பொண்ணுக்குக் காட்ட எங்கிட்ட எதுவுமில்ல. இருந்தா அனுப்புங்க. இல்லேன்னா நீங்களும் எழுத வேண்டாம், நானும் எழுதல.'

இல்லை. ஒன்றுகூட இல்லை. இருந்தவரை அவள் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றாள். "என்னையும் ஒண்ணு எடுங்களேன்," என்பாள். "நாளைக்கு," என்பார்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நின்ற இடத்தில் நின்றபடி கணக்குப் போட்டுப் பார்த்தார். லென்ஸ் வழியாக வந்தால் தலைகீழ். அந்த முகம் நேராக இருந்தது. ஆக, அது லென்ஸ் வழியாக வரவில்லை. மங்கல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழவழப்பானது. எதிரில் இருப்பது அதில் தெரியும். எதிரில் என்றால், அவர் பக்கம். அவர் தோளுக்கு மேல்.

துணிக்குள்.

குழாயை மூடினார். அதன் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அன்றைக்கும் இப்படித்தான் அமைதியாக இருந்தது. பாடகி நாற்காலியில். அவர் துணிக்குள். "ஏங்க," என்று பின்னாலிருந்து மெல்லிய குரல். "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு." அவர் சொன்னது: "ஒரு நிமிஷம். அசையாதே." அவள் அசையவில்லை. வெளிச்சம் இம்மிகூடக் கசியவில்லை. அவர் வெளியே வந்து, தட்டைச் சொருகி, பல்பைக் கையில் எடுத்தபோது பாடகியின் கண்கள் அவர் தோளைத் தாண்டி எதையோ பார்த்து விரிந்தன. பின்னால் ஏதோ சரிகிற ஓசை. திரும்பியிருக்கலாம். முதலில் பல்பை அழுத்தினார். பிறகுதான் திரும்பினார்.

மகளிடம் சொன்னது வேறு. "அம்மா தூக்கத்துலயே போயிட்டாம்மா."

மூன்று மணிக்கு, உள்ளறையிலிருந்த ஆளுயர நிலைக்கண்ணாடியை இழுத்து வந்து டாக்டர் உட்கார்ந்த நாற்காலியில் சாய்த்தார். மகளுக்குப் படம் வேண்டும். பின்னால் இருப்பவளை எடுக்க அவருக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். கண்ணாடி பன்னிரண்டடியில் என்றால் அதில் தெரியும் உருவத்துக்கு ஃபோகஸ் இரட்டிப்பு, இருபத்துநாலடிக்கு. அளவுகோல் வைத்தே முடித்தார். துணிக்குள் போகவில்லை. போக முடியவில்லை. துணியை எடுத்துக் கேமராவின் முதுகில் சும்மா போட்டார். அது தளர்ந்து தொங்கியது. ஓரடி விலகி நின்று, எதிரே தெரிந்த தன்னையே பார்த்தபடி அழுத்தினார்.

மருந்துத் தட்டில் காகிதம் மெல்லக் கறுத்தது. சிவப்பு விளக்கில் முதலில் கேமரா வந்தது. பிறகு அவர். கையில் பல்பு. கிழவனின் முகம். பிறகு துணி.

துணி தளர்ந்து தொங்கவில்லை.

புடைத்திருந்தது. உள்ளே ஒரு தலை. குனிந்த முதுகு. துணிக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள். இடது பெருவிரலில் நகம் இல்லை. கல்யாணமான புதிதில் மருந்து பாட்டில் விழுந்து போன நகம்.

முகம் தெரியவில்லை. முகம் லென்ஸுக்குப் பின்னால் இருந்தது.

அவர் உட்கார்ந்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்த முறைப்படி, தேதி போட்டு எழுதினார்.

'அன்புள்ள மகளுக்கு,
1. நீ கேட்ட படம் இத்துடன் உள்ளது.
2. படத்தில் இருப்பவர்கள்: துணிக்குள் இருப்பது உன் அம்மா. பக்கத்தில் நிற்பது நான். முகம் தெரியாது. கால் விரலைப் பார்.
3. அவள் தூக்கத்தில் போகவில்லை. புத்தக அட்டையில் அந்தப் பாடகி பார்ப்பது உன் அம்மாவைத்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.
4. இதற்குப் பிறகும் எழுதலாம் என்று தோன்றினால் எழுது.'

உறையில் போட்டுப் பசை தடவி ஒட்டினார். தெருமுனைத் தபால் பெட்டிவரை நடந்தார். நல்ல வெயில். பஸ் ஸ்டாப்பில் கூட்டம். உறையைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளினார். உள்ளே போய் விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஹார்ன் இல்லை. பேச்சு இல்லை. பழைய பருத்தியின் மக்கல். மருந்து நெடி. பார்வையின் இரு ஓரத்திலும் கருப்பு ஒன்று நிதானமாக இறங்கியது. நடுவில் மட்டும் தெரு. பஸ், சக்கரம் மேலே. ஆட்கள், கால் மேலே. வானம் கீழே.

இடது காதோரம் பார்த்தார். நூலளவு வெளிச்சம்.

ஒரு கை அதை இழுத்து மூடியது.

தொங்கும் தெருவின் மூலையில், மிக அருகில், ஒரே ஒரு முகம். நேராக.

அவருக்கு நெஞ்சு அடைத்தது. வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றது பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல். "அசையாதீங்க."