இறங்காத வேகம்

திரையில் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று என்று இருந்தது. நேற்று மாலை மூன்று மணிக்கு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அவள் வீட்டுக்குக் கிளம்பியபோதும் இதே இருபதாயிரம்தான். இடையில் இருபத்து மூன்று மணி நேரம் போயிருக்கிறது. சக்கரம் மட்டும் ஒரு சுற்றுகூடக் குறையவில்லை.

"மறுபடியும் சென்சார் போச்சு," என்று கைப்பையை மேசைமேல் எறிந்தாள்.

ஒன்பது வருடமாக அவளுடைய ஆராய்ச்சி, தூக்கம், தலைவலி எல்லாம் இந்தச் சக்கரம்தான். இடுப்பு உயரத்துக்கு ஓர் எஃகு உருளை. காற்றை உறிஞ்சி எடுத்த தொட்டிக்குள், காந்தங்களின் பிடியில், எதையும் தொடாமல் அந்தரத்தில் மிதந்தபடி சுழலும். மிச்சமாகும் மின்சாரத்தைக் கொண்டு அதைச் சுழற்றிவிடலாம். வேண்டும்போது அந்தச் சுழற்சியிலிருந்தே மின்சாரத்தைத் திரும்ப எடுக்கலாம். இதே காந்த மிதப்பை வைத்துத் தண்டவாளத்தைத் தொடாத ரயில் செய்யும் கூட்டம் பக்கத்துக் கட்டடத்தில் மாலையும் கழுத்துமாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் நிலத்தடியில். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சக்கரம் பல நாள் சுழல வேண்டும். முப்பத்தொரு மணி நேரத்துக்கு மேல் அது சுழன்றதே இல்லை. எங்கேயோ ஓர் உராய்வு, எதுவோ ஓர் இழப்பு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை.

ஆராய்ச்சிக்கூட இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"சார், ரீடிங் தப்பா காட்டுது."

"உங்க ரீடிங் என்னைக்குங்க சரியா காட்டிச்சு? திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருது. காட்ட ஏதாவது இருந்தா காட்டுங்க. இல்லன்னா பூட்டிட்டு சாவியக் குடுத்துருங்க."

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

காந்தங்களுக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றும் பெரியவர் அப்போதுதான் உள்ளே வந்தார். எந்நேரமும் கையில் செம்புக் கம்பியோடு திரிவதால் எல்லாருக்கும் அவர் செம்பண்ணன். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒவ்வொரு காயிலும் அவர் கையால் சுற்றியது. விடுமுறை நாளில் கூப்பிட்டதற்கு முகம் சுளிக்காத ஒரே ஆள்.

"நாலு மணிக்கு விட்ருங்க மேடம். சம்பந்தி வீட்டுலேர்ந்து வந்திருக்காங்க. நான் இல்லன்னா என் வீட்டம்மா என்னைப் பத்தின உண்மையெல்லாம் சொல்லிடுவா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கீழ போய் விளக்கடிச்சுப் பாத்துரட்டுமா?"

சக்கரம் கீழே, கான்கிரீட் குழிக்குள் இருந்தது. பன்னிரண்டு இரும்புப் படி. அது சுழலும்போது குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பது அவளே எழுதி ஒட்டிய விதி. வெடித்தால் அள்ளுவதற்குக்கூட எதுவும் மிஞ்சாது. அந்தத் தாளைப் பார்த்தாள். திங்கட்கிழமையை நினைத்தாள்.

"சீக்கிரம் வந்துருங்க," என்றாள்.

அவர் இறங்கினார். தொட்டியின் கண்ணாடித் துளை வழியாகத் துடிப்பு விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுக் கீழிருந்தே குரல் கொடுத்தார். "சென்சார் மேல தப்பில்ல மேடம். விளக்க இருபதாயிரத்துல துடிக்க விட்டா சக்கரத்துல போட்ட கோடு அப்படியே நிக்குது."

"கரண்ட் எங்கேருந்தோ உள்ள போகுது. பெரிய கேபிளக் கழட்டிப் போடுங்க."

கழற்றும் சத்தம் கேட்டது. "கழட்டியாச்சு. மேடம், இங்க ரெண்டு மூணு பல்லி தொட்டி மேல ஒட்டிட்டிருக்கு. தட்டினாலும் நகரல. செத்த மாதிரியும் இல்ல."

அவளுக்குப் பல்லியைப் பற்றி என்ன கவலை? திரையில் எண் மாறியிருந்தது. இருபதாயிரத்து ஆறு. பிறகு, இருபதாயிரத்து முப்பத்தொன்று.

அவர் மேலே வரும் சத்தம் கேட்டது. ஒரு படி. நீண்ட இடைவெளி. இன்னொரு படி. இரும்பில் செருப்பு பதியும் அந்தச் சத்தம் சுவரில் மோதி அடங்கி, ஏசியின் ஈர வாடையும் சூடேறிய வார்னிஷ் வாடையும் கலந்த அந்த அறை மொத்தமும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருப்பதுபோல இருந்தது. பன்னிரண்டாவது படி ஏறி முடிப்பதற்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"கேபிள் ரெண்டு முனையும் கழட்டினீங்களா அண்ணே?"

அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"கேட்டுச்சு… மேடம்," என்றார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் ஆள் புகுந்து போகலாம். "ரெண்டும்… கழட்டிட்டேன்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கையை அதை நோக்கிக் கொண்டுபோனார். தண்ணீருக்கு அடியில் அசையும் கை மாதிரி. விரல் அதைத் தொடுவதற்குள் அழைப்பு ஓய்ந்துவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவள் வரைபடத்தைப் பின்னோக்கி ஓட்டினாள். இரவு முழுக்கக் கோடு மெல்ல இறங்கி, ஏதோ தீனி கிடைத்ததுபோல மெல்ல ஏறி, இறங்கி, ஏறி, இருபதாயிரத்தை ஒட்டியே வந்திருக்கிறது. இன்று ஒரே ஓர் ஏற்றம்தான் செங்குத்தாக. அவர் கீழே இறங்கிய நிமிடத்தில் தொடங்கி, மேலே வந்த நிமிடத்தில் முடிந்திருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். அவரிடம் குறைந்தது சக்கரத்தில் ஏறியிருக்கிறது என்று புரிந்துகொண்டாள். புரிந்ததை நம்ப மறுத்தாள். தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். தற்செயல்தானா என்று தெரிய வேண்டுமானால் இன்னொரு அளவீடு வேண்டும். ஒன்றை வைத்து எந்தக் குழு நம்பும்?

"அண்ணே, கடைசியா ஒரு தடவை போயிட்டு வந்துருங்க."

அவர் படிகளைப் பார்த்தார். "வேணாம்… மேடம். கீழ… கால்… எழும்ப மாட்டேங்குது."

"ஒன்பது வருஷம் அண்ணே. ரெண்டே நிமிஷம். உங்க காயில்தானே அது?"

அவர் அவளிடம் இதுவரை முடியாது என்று சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. போனார்.

இருபதாயிரத்து நூறு. நானூறு. இருபத்தோராயிரம். அவள் நெஞ்சு நிறைந்தது. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அந்த எண் அவள் சொன்னபடி கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளால் சொல்ல முடிந்ததில்லை. நிமிர்ந்தபோது மணி நாலரை.

"அண்ணே?"

கீழிருந்து ஒரு சத்தம். தரைக்கு அடியில் பெரிய வண்டு ஒன்று முரல்வதுபோல, தாழ்ந்து, விடாமல். சக்கரம் சத்தமே போடாது. காற்றில்லாத இடத்தில் சத்தம் ஏது?

படிக்கட்டின் தலைமாட்டுக்கு ஓடினாள்.

அவர் முதல் படியில் ஒரு காலை வைத்திருந்தார். மேலே வரத் திரும்பியிருக்கிறார். முகம் அவளைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. முரலும் சத்தம் அந்த வாயிலிருந்துதான் வந்தது. காதைக் கூர்மையாக்கினாள். அது வெறும் சத்தமில்லை. சொல். அதன் முதல் எழுத்து.

மே…

அவளைத்தான் கூப்பிடுகிறார். எப்போது தொடங்கினாரோ.

இறங்கினாள். மூன்று படி. நாலாவதுக்குக் கால் வர மறுத்தது. தூக்கினாள், வரவில்லை. தூக்கியதாக நினைத்தபின் நெடுநேரம் கழித்து வந்தது. அலறத் தோன்றியது. அலறலும் தாமதித்தது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து மேலே வந்து விழுந்தாள்.

பிரேக்.

சிவப்புப் பொத்தான். அடித்தால் சக்கரத்தின் சுழற்சி முழுவதும், கழற்றிய கேபிளோடு சேராத தனி இணைப்பு வழியாக, சுவரோரத்து ஹீட்டர் கம்பிகளில் சூடாக எரிந்து தீரும். சக்கரம் நிற்கும். நின்றால் அவரை விட்டுவிடும். அடித்தாள்.

கம்பிகள் சிவந்தன. எண் சரிந்தது. பதினெட்டாயிரம். பதினாலாயிரம். வெப்பம் அவள் முதுகில் மோதியது. எப்போதும் கருகும் தூசி வாடைதான் வரும்.

இது தூசி இல்லை.

வியர்வை வாடை. ஆள் வாடை.

குழியில் அந்தச் சத்தம் மங்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, எதை எரிக்கிறாள் என்று. பொத்தானைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஒருமுறை அடித்தால் பூஜ்யம் வரை விடாது. அப்படி அமைத்தவளும் அவள்தான். இழுத்தாள். நகம் பிய்ந்தது. ஒன்பதாயிரம். நாலாயிரம்.

"அண்ணே, மேல வாங்க. மேல வந்துருங்க."

படிக்கட்டுக்கு ஓடினாள். இப்போது கால் தடுக்கவில்லை. பன்னிரண்டு படியையும் எளிதாக இறங்கினாள். அவர் கையைப் பிடித்தாள். சூடு இருந்தது. நாடியைத் தேடினாள். காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள்.

மேலே எண் பூஜ்யத்துக்கு வந்ததைச் சொல்லும் மணி ஒலித்தது.

சத்தம் நின்றது. வாய் மூடவில்லை. கண் அவளைப் பார்த்தபடி இருந்தது, ஈரம் காயாமல். அவர் தாடையிலிருந்து ஒரு வியர்வைத் துளி கழன்று, தரைக்கும் தாடைக்கும் நடுவே இருந்தது.

அவள் அதன் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

அது விழவில்லை.