சிங்கப்பல்லின் சொந்தக்காரி

குற்றாலச் சாரல்... கையில் சூடான நேந்திரங்காய் சிப்ஸ். ரூபி ஆசையாகக் கடித்தாள்.

'டக்!'

மேல்வரிசையில் மூன்று பல் சேர்த்துக் கட்டியிருந்த 'பிரிட்ஜ்' என்ற செயற்கைப் பல்வரிசை கழன்று தெறித்து, எதிரே நின்றவனின் சிப்ஸ் பொட்டலத்தில் போய் விழுந்தது!

ரூபி துப்பட்டாவால் வாயைப் பொத்தினாள். ஸ்கூட்டரில் விழுந்து முன்பல் ஒன்று போனது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று வருஷ ரகசியம்... போச்சு!

அவன் முகம் சுளிக்கவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மழையில் நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள் ஏன் இப்படி விரிகின்றன?

"ஏங்க... இது நான் செஞ்ச பல்லு!"

"என்னது?"

"என் பேரு பென்னி. தென்காசியில பல்லு செய்யுத லேப்ல வேலை பாக்கேன். டாக்டர் அனுப்புத பல் அச்ச வச்சுதான் செய்வோம், ஆளப் பாத்ததே இல்ல. இந்தச் சிங்கப்பல்லு லேசா சரிஞ்சிருக்குல்லா? மறுபக்கத்துச் சிங்கப்பல்லுக்கு ஜோடியா இருக்கட்டும்னு நானா வச்சது!"

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெதுவா பேசுங்க! நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வாராங்க. குடுங்க, பசை வாங்கி ஒட்டிக்கிடுதேன்."

"ஐயோ, ஒட்டிராதீங்க! ஈறு புண்ணாயிரும். டாக்டர்ட்ட காட்டுங்க. ஆமா... பிரிட்ஜுக்கு அடியில தினமும் நூல் விட்டுச் சுத்தம் பண்ணுதீங்களா?"

எங்கே பண்ணினாள்? ஹாஸ்டல் தோழிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு நாளும் செய்ததில்லை.

"உங்க வேலை சரியில்ல, அதான் விழுந்திருச்சு!" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.

ஆனாலும் பயம் விடவில்லை. மாலையே அந்தப் பல்லைக் கட்டிய தென்காசி டாக்டரிடம் போனாள்.

"ரெண்டு ஓரத்துலயும் மூடியிருக்க கேப்புக்குள்ள இருக்கது உன் சொந்தப் பல்லும்மா. ஓரத்துல அழுக்கு தங்கிச் சொத்தையாயிருச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பிடுங்க வேண்டியதாயிருக்கும். சரிபண்ணிப் புதுசா கட்ட ஒரு வாரமாகும்."

ஆக, குற்றம் அவன் மேல் இல்லை. மறைத்து மறைத்தே கெடுத்தவள் அவள்தான். ச்சே... என்ன பேச்சுப் பேசிவிட்டாள்!

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உள்ளதைச் சொன்னாள். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா அழுதாள். ரூபிக்கு மட்டும் மனசு லேசாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து, புதுப் பல்லைக் கொண்டுவந்தவன் பென்னியேதான். டாக்டர் கட்டி முடித்து அவள் வெளியே வரும்வரை காத்திருந்தான்.

"அன்னைக்கு உங்களத் திட்டிட்டேன்... மன்னிச்சிருங்க. தப்பு எம்மேலதான்."

"இனிமே நூல் விடுவீங்களா?"

"கண்ணாடி முன்னால நின்னு... தினமும்!"

"மாப்பிள்ளை வீட்ல...?"

"வேண்டாம்னுட்டாங்க."

அவன் மூச்சை இழுத்துவிட்டுப் பையைத் திறந்தான். உள்ளே அவளுடைய பழைய பல்வரிசையின் அச்சு!

"வேலை முடிஞ்சா உடைச்சுப் போட்டிருவோம். இத உடைக்க மட்டும் மனசு வரல. மூணு வருஷமா என் மேசையிலதான் இருக்கு. இந்தச் சிரிப்பு யாருதோன்னு தினமும் நினைப்பேன்... எனக்கு உங்களப் பிடிச்சிருக்குங்க."

ரூபியின் கை வழக்கம்போல் வாயை மூடப் போனது... பாதியில் நின்றது. கையை இறக்கிவிட்டு, சிங்கப்பல் தெரிய வாய்விட்டுச் சிரித்தாள்.

"இனிமே அந்த அச்சு எதுக்கு? அதான் ஆளே வந்தாச்சுல்லா!"